எஞ்சினுக்கு ஒரு துருத்தி

ஆடி மாதத்தில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகச் சென்றவர்களுக்குக் காற்றைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. மேல்கடலிலிருந்து புறப்பட்டு வரும் பருவக்காற்று மலைத்தொடரில் முட்டி, வேறு வழியின்றி அந்த இடைவெளிக்குள் நுழைந்து, முப்பந்தல் வெளியிலே சீறிப் பாய்கின்றது. எதிர்க்காற்றில் சைக்கிள் மிதிப்பவர் இறங்கித் தள்ளிக்கொண்டு போவதை அங்கே காணலாம். இந்நாளில் அக்காற்று நூற்றுக்கணக்கான காற்றாலைகளைச் சுழற்றி மின்சாரமும் தருகின்றது.

அண்மையில் நாகர்கோவிலில் ஒரு கல்லூரி மாணவர் என்னை அணுகி, ஒரு கேள்வி கேட்டார். "ஐயா, பந்தயக் கார்களுக்கு அதிகக் காற்று ஊட்டுவதற்காகச் சூப்பர்சார்ஜர் என்னும் கருவியைப் பொருத்துகிறார்களே, அதற்கு ஏன் அவ்வளவு செலவு? காரின் முன்புறத்தில் ஒரு பெரிய புனலை வைத்து ஆரல்வாய்மொழிக் காற்றுக்கு எதிரே ஓட்டினால் காற்றுத் தானே உள்ளே புகாதா?" என்றார். நல்ல கேள்விதான். ஆயின் கணக்குப் போட்டுப் பார்த்தால் ஏமாற்றமே மிஞ்சும். காற்றின் அடர்த்தியில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கினால், எதிர்த்து வரும் காற்றுத் தரக்கூடிய அழுத்தம் கிடைக்கும். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் அது வளிமண்டல அழுத்தத்தில் 200இல் ஒரு பங்குகூட இல்லை. வேகத்தை 200 ஆக்கினாலும் 50இல் ஒரு பங்கை எட்டாது. ஆளைத் தள்ளும் காற்று வேறு. சிலிண்டருக்குள்ளே நெருக்கி அடைக்கும் காற்று வேறு. பின்னதைப் பற்றித்தான் இன்று உங்களோடு சிறிது பேச விரும்புகிறேன்.

மோட்டார் எஞ்சின் உண்பது பெட்ரோல் என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். உண்மையில் அது பெருமளவில் உண்பது காற்றையே ஆகும். ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 15 கிலோ காற்று வேண்டும். இதையே வேறு விதமாகச் சொல்லலாம். ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 9,000 லிட்டர் காற்றுத் தேவை. ஆறடி நீளம், ஆறடி அகலம், ஒன்பதடி உயரமுள்ள அறை ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அவ்வறை நிறைந்த காற்று முழுவதும் ஒரு லிட்டர் பெட்ரோலோடு சேர்ந்து செலவாகிவிடுகிறது.

பெட்ரோலை வேண்டுமட்டும் ஊற்றுவது எளிது. ஆனால் காற்றுப் போதாவிட்டால் ஊற்றிய பெட்ரோல் கரும்புகையாகி வீணே போகும். ஆகவே ஓர் எஞ்சினின் ஆற்றலை வரையறுப்பது, அது ஒவ்வொரு சுற்றிலும் எவ்வளவு காற்றை உட்கொள்கிறது என்பதே. இங்கே இன்னொன்றையும் கவனியுங்கள். பிஸ்டன் கீழே இறங்கும்போது காற்றை இழுக்கிறது என்று சொல்கிறோம். இழுப்பதற்குப் பிஸ்டனுக்குக் கையா இருக்கிறது? அது இறங்கி இடம் விடுகிறது. வெளியே உள்ள வளிமண்டலம் சதுர அங்குலத்திற்கு 14.7 ராத்தல் என்னும் தன் அழுத்தத்தால் காற்றை உள்ளே தள்ளுகிறது. கன்னியாகுமரிக் கடற்கரையில் நல்ல மிடுக்கோடு ஓடும் வண்டி உதகமண்டலத்தில் சோர்ந்துபோவதன் காரணமும் இதுவே. 2,240 மீட்டர் உயரத்திலுள்ள அவ்வூரில் தள்ளுகின்ற அழுத்தம் நான்கில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்துவிடுகிறது.

ஆதலின் அதிக ஆற்றல் வேண்டுவோர் எஞ்சினைப் பெரிதாக்கினர். அல்லது வேகமாகச் சுழலச் செய்தனர். மூன்றாவது வழி ஒன்றும் இருந்தது. அதை நம் ஊர்க் கொல்லர் நெடுங்காலமாக அறிவார். உலையில் கரி தானாக எரிந்தால் இரும்பு சிவக்காது. துருத்தியை மிதித்தால் அதே கரி வெண்மையாக எரிகிறது. கரியைக் கூட்டவில்லை, உலையைப் பெரிதாக்கவில்லை, காற்றைத்தான் ஊட்டினார். எஞ்சினுக்கு வைத்த துருத்தியே சூப்பர்சார்ஜர். இதனைக் காற்றூட்டி என்று நான் சொல்லிவருகிறேன். இதனினும் நல்ல சொல் ஒன்றை உங்களில் யாரேனும் ஆக்கித் தந்தால் மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொள்வேன்.

துருத்தி என்று நான் சொன்னது வெறும் உவமை அன்று. அமெரிக்காவில் இந்தியானா மாநிலத்துக் கானர்ஸ்வில் என்ற ஊரில் ரூட்ஸ் சகோதரர் இருவர் கம்பளி ஆலை நடத்திவந்தனர். 1860ஆம் ஆண்டையொட்டி, ஆலையின் நீர்ச்சக்கரத்துக்கு மாற்றாக, எட்டு என்னும் எண்ணின் வடிவில் அமைந்த இரண்டு உருளைகள் ஒன்றோடொன்று இசைந்து சுழலும் பொறியொன்றை அமைத்தார்கள். நீருக்கென்று செய்த அப்பொறி காற்றை ஊதுவதிலேதான் வல்லதாக அமைந்தது! உலோகம் உருக்கும் உலைகளுக்கு ஊதுகருவியாக அது பெயர் பெற்றது. கார்களுக்கு வந்து சேர்ந்தது பிற்பாடுதான். இன்றும் அவ்வகைக் காற்றூட்டிக்கு ரூட்ஸ் என்றே பெயர்.

வேறொரு வகையும் உண்டு. மின்விசிறி போன்ற சக்கரமொன்றை மிக விரைவாகச் சுழற்றிக் காற்றை விளிம்புக்கு வீசி நெருக்கும் மையவிலக்கு வகை அது. இவ்வகை பூட்டிய புகழ்பெற்ற கார் ஒன்று நம் நாட்டு மன்னர் ஒருவருக்காகவே செய்யப்பட்டது. இந்தூர் மகாராஜா யஷ்வந்த் ராவ் ஹோல்கர் 1935ஆம் ஆண்டைச் சேர்ந்த டியூசன்பெர்க் எஸ்.ஜே. வண்டி ஒன்றுக்கு இங்கிலாந்தில் இரண்டிருக்கை உடல் கட்டுவித்தார். காற்றூட்டி இல்லாத டியூசன்பெர்க்குக்கு 265 குதிரைத்திறன் என்றும், காற்றூட்டி பூட்டியதற்கு 320 என்றும் அதைச் செய்தோர் அறிவித்தனர். அந்நாளில் அது மலைக்கத்தக்க எண்.

ஜெர்மானியரான காட்லீப் டைம்லர் 1885இலேயே எஞ்சினுக்குக் காற்றை அழுத்தி ஊட்டும் முறைக்குக் காப்புரிமை பெற்றுவிட்டார். எனினும் மெர்சிடிஸ் நிறுவனம் காற்றூட்டி பொருத்திய கார்களை மக்கள் வாங்கும் வண்ணம் பெர்லின் கண்காட்சியில் வைத்தது 1921இல்தான். இரண்டே ஆண்டுகளில், 1923இல், இத்தாலியின் மொன்சா ஓடுகளத்தில் ஃபியட் கார் ஒன்று கிராண்ட் பிரீ பந்தயத்தை வென்றது. காற்றூட்டி பூட்டிய கார் அத்தகைய பந்தயம் ஒன்றை வென்றது அதுவே முதன்முறை.

நிற்க. இக்கருவியைப் பற்றி நான் ஏட்டில் படித்து அறிந்தது பாதி. மற்றப் பாதியை என் மடமையால் அறிந்தேன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

1960களின் பிற்பகுதி. எனக்கு வயது இருபது. என் தாய்மாமன் வடசேரியில் சிறிய மோட்டார் பட்டறை ஒன்று வைத்திருந்தார். குலசேகரம் பக்கத்தில் ரப்பர்த் தோட்டம் உடையவர் ஒருவரிடம் எம்.ஜி. என்னும் ஆங்கில நாட்டு விளையாட்டுக் கார் இருந்தது. 1250 கன சென்டிமீட்டர் கொண்ட எஞ்சின்; 54 குதிரைத்திறன். அதற்கென்று ஒரு பழைய ரூட்ஸ் காற்றூட்டியை யாரிடமோ வாங்கிக்கொண்டு வந்து, பூட்டித் தருமாறு கேட்டார்.

மாமா மூன்று வாரம் அதனோடு மல்லாடினார். எஞ்சினின் பக்கவாட்டில் இரும்புத் தாங்கி அமைத்துக் காற்றூட்டியை அதில் நிறுத்தினார். கார்புரேட்டரை அதன் பழைய இடத்திலிருந்து கழற்றிக் காற்றூட்டியின் வாயில் பொருத்தினார். எஞ்சினின் தண்டிலிருந்து பெல்ட் வழியே அது சுழல வழி செய்தார். உள்ளே தீ பின்னோக்கி வந்தால் அழுத்தம் வெளியேற ஒரு வால்வும், ஓட்டுநர் காண ஓர் அழுத்தமானியும் வைத்தார். காற்று மிகுதியாகப் போகும்போது பெட்ரோலும் மிகுதியாகப் போக வேண்டுமாகையால் கார்புரேட்டரின் ஊசியை மாற்றினார். அழுத்தமானி ஐந்து ராத்தல் காட்டிற்று. வண்டியில் ஏறி அமர்ந்து மிதித்தபோது முதுகு இருக்கையோடு ஒட்டிக்கொண்டது!

ஐந்தே இவ்வளவு தருமாயின் பத்து எவ்வளவு தரும் என்ற ஆசை எனக்கு எழுந்தது. வளிமண்டல அழுத்தம் 14.7, ஐந்து அதில் மூன்றில் ஒரு பங்கு, பத்து மூன்றில் இரண்டு பங்கு. ஆகவே 54 குதிரைத்திறன் 90 ஆகும். இதுதான் என் கணக்கு. காற்றூட்டியின் கப்பி சிறிதாக இருந்தால் அது வேகமாகச் சுழலும், வேகமாகச் சுழன்றால் அழுத்தம் கூடும் என்பதும் எனக்குத் தெரியும். மாமா ஒரு கல்யாணத்துக்காகத் திருநெல்வேலிக்குப் போயிருந்த சமயம், கடைசல் பொறியில் சிறிய கப்பி ஒன்றைக் கடைந்து மாட்டிவிட்டேன். வண்டிக்காரருக்கும் அதில் ஆசைதான்.

சித்திரை மாத நண்பகல். தோவாளையைத் தாண்டி ஆரல்வாய்மொழியை நோக்கி அவர் ஓட்ட, நான் பக்கத்தில் அமர்ந்து அழுத்தமானியை நோக்கிக்கொண்டிருந்தேன். முள் பத்தைத் தொட்டது. தகரப் பெட்டியில் கூழாங்கற்களை இட்டுக் குலுக்குவது போன்றதோர் ஒலி எஞ்சினிலிருந்து எழுந்தது. எங்கோ ஆணி தளர்ந்திருக்கிறது என்று நினைத்தேன். இரண்டு மைல் செல்வதற்குள் பின்னால் நீலப்புகை எழுந்தது, வண்டி நின்றுவிட்டது. மாட்டு வண்டியில் கட்டி இழுத்துக்கொண்டு வந்தோம்.

மாமா வந்து எஞ்சினின் தலையைக் கழற்றினார். மூன்றாவது பிஸ்டனின் உச்சியில் பழைய கால் ரூபாய் நாணயம் அளவுக்கு ஓட்டை விழுந்திருந்தது. விளிம்பு உருகி வழிந்திருந்தது. அவர் என்னை ஏசவில்லை. "மக்களே, காத்தைக் குடுத்தாப் போருமா? சூட்டுக்கு ஆரு கணக்குச் சொல்லுவா?" என்று மட்டும் கேட்டார். புதிய பிஸ்டனுக்கும், சிலிண்டரைத் திரும்பக் கடைவதற்கும் ஆன செலவைப் பட்டறையே ஏற்க வேண்டியதாயிற்று. இரண்டு மாத வருமானம் அதில் போயிற்று. மாமியின் வளையல் ஒன்றும் அடகுக்குப் போயிற்று.

மாமா கேட்ட கணக்கை நான் பிற்பாடுதான் போட்டுப் பார்த்தேன். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பக்கம் சுடுவதை நீங்கள் அறிவீர்கள். காற்றை நெருக்கினால் அது சூடாகும், சூடானால் விரியும். விரிந்த காற்று அதே இடத்தில் குறைவாகவே அடங்கும். ரூட்ஸ் வகையோ காற்றைச் சூடாக்குவதில் ஏனையவற்றினும் மோசமானது. 33 டிகிரி வெப்பமுள்ள காற்று, ஐந்து ராத்தலுக்கு நெருக்கப்படும்போது 80 டிகிரி அளவை எட்டிவிடும். பத்து ராத்தலுக்கு 130. பெட்ரோல் ஆவியாகும்போது ஏற்படும் குளிர்ச்சி இதில் ஓரளவைக் குறைக்கும். அக்குளிர்ச்சியை நீக்கிப் பார்த்தால், ஐந்து ராத்தலில் உள்ளே போகும் காற்று ஆறில் ஒரு பங்கே கூடுகிறது. பத்து ராத்தலிலும் நான்கில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான். அழுத்தத்தை இரட்டிப்பாக்கிய எனக்குக் கிடைத்த ஆதாயம் இவ்வளவே. காற்றூட்டியைச் சுழற்றும் ஆற்றலையும் அந்த எஞ்சினே தர வேண்டும் என்பதை நான் நினைத்துப் பார்க்கவும் இல்லை.

அது மட்டுமாயின் நட்டம் பெரிதன்று. ஏற்கெனவே சூடாக வரும் கலவையைச் சிலிண்டர் ஏழு மடங்கு மேலும் நெருக்குகிறது. முறையாக எரிகையில், மின்பொறி விழுந்த இடத்திலிருந்து தீ ஒரு முனையாகப் பரவிச் செல்லும். மூலையில் இன்னும் எரியாது நிற்கும் கலவை, பரவிவரும் தீயின் அழுத்தத்தால் மேலும் நெருங்கிச் சூடேறி, தீ வந்து சேருமுன் தானாகவே ஒருங்கே வெடித்துவிடுமாயின், அதனையே தட்டல் என்கிறோம். நான் கேட்ட கூழாங்கல் ஒலி அதுவே. எரியும் வாயு 2,000 டிகிரிக்கும் மேல் இருக்கும். பிஸ்டன் செய்த அலுமினியமோ 660 டிகிரி அளவில் உருகுவது. இவ்விரண்டுக்கும் இடையே உலோகத்தின்மேல் படிந்து நிற்கும் மெல்லிய குளிர்ந்த வாயுப் படலமே காவல். தட்டலின் அதிர்ச்சி அக்காவலைத் துடைத்தெறிந்துவிடுகிறது. துருத்தியை அளவின்றி மிதிக்கும் கொல்லரின் உலையில் இரும்பே பொறி பறக்க எரிந்துபோவதை நீங்கள் கண்டிருக்கலாம்.

இச்சிக்கலில் அகப்பட்டவன் நான் ஒருவனே அல்லன் என்பது பிற்காலத்தில் எனக்குச் சிறிது ஆறுதலாக இருந்தது. இங்கிலாந்தில் பென்ட்லி கார்களை ஆக்கிய டபிள்யூ. ஓ. பென்ட்லிக்குக் காற்றூட்டி என்றாலே பிடிக்காது. ஆற்றல் வேண்டுமானால் எஞ்சினைப் பெரிதாக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. ஆனால் டிம் பிர்க்கின் என்னும் பந்தய வீரர் விடவில்லை. நாலரை லிட்டர் பென்ட்லியின் முன்புறத்தில், முகவிளக்குகளுக்கு நடுவே, ஆம்ஹர்ஸ்ட் வில்லியர்ஸ் என்ற பொறியாளர் வகுத்த பெரிய ரூட்ஸ் காற்றூட்டியைப் பொருத்தினார்கள். 110 குதிரைத்திறன் தந்த எஞ்சின் சாலை வண்டியில் 175 தந்தது. பந்தய வண்டியில் 240 வரை ஏறிற்று. 1930இல் லெ மான் நகரின் 24 மணி நேரப் பந்தயத்தில் பிர்க்கின் மெர்சிடிஸ் வண்டியை விரட்டிய விரட்டல் இன்றும் பேசப்படுகிறது. ஆனால் காற்றூட்டி வைத்த பென்ட்லிகளுள் ஒன்றுகூட அப்பந்தயத்தை ஓடி முடிக்கவில்லை. வென்றது காற்றூட்டி இல்லாத ஆறரை லிட்டர் பென்ட்லி. பென்ட்லி என்ன நினைத்திருப்பார் என்று நாம் ஊகித்துக்கொள்ளலாம். அதே ஆண்டு பிரெஞ்சு கிராண்ட் பிரீயில் பிர்க்கின் அவ்வகை வண்டியில் இரண்டாவதாக வந்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்; இல்லையேல் அவருக்கு நீதி செய்தவன் ஆகேன்.

இருபது ஆண்டுகளுக்குப் பின்னரும் இந்த வழக்கு ஓயவில்லை. 1950இல் தொடங்கிய உலகப் பந்தயத் தொடரின் விதிப்படி, காற்றூட்டி இருந்தால் எஞ்சின் ஒன்றரை லிட்டர். இல்லாவிட்டால் நாலரை லிட்டர். மும்மடங்கு சலுகை! ஆல்ஃபா ரோமியோ நிறுவனத்தார் இரட்டைக் காற்றூட்டி வைத்து அந்த ஒன்றரை லிட்டரிலிருந்து 400க்கும் மேற்பட்ட குதிரைத்திறனைக் கறந்தனர். ஆனால் சூட்டைத் தணிக்க வேண்டுமே? அதற்கு அவர்கள் கண்ட வழி எரிபொருளையே தண்ணீராக ஊற்றுவதாகும். ஆவியாகும்போது மிகுந்த குளிர்ச்சி தரும் மெத்தனால் கலந்த எரிபொருள் ஒரு லிட்டருக்கு, அவ்வண்டி ஓடிய தூரம் அரைக் கிலோமீட்டர்தான். இடையிடையே நின்று நின்று நிரப்ப வேண்டியிருந்தது. 1951 ஜூலையில் சில்வர்ஸ்டோன் ஓடுகளத்தில், காற்றூட்டி இல்லாத ஃபெராரியில் வந்த ஃப்ரொய்லான் கொன்சாலஸ் ஆல்ஃபாவை முந்தி வென்றார். அவ்வாண்டின் உலகப் பட்டம் என்னவோ ஆல்ஃபாவில் ஓட்டிய ஃபாஞ்சியோவுக்கே கிடைத்தது. இருந்தாலும் ஆண்டு முடிந்ததும் அந்நிறுவனம் பந்தயத்திலிருந்து விலகிக்கொண்டது.

காற்றூட்டியைச் சுழற்ற எஞ்சினின் ஆற்றலையே செலவிடுவானேன், வீணே வெளியேறும் புகையின் விசையால் சுழற்றலாகாதா என்று சிந்தித்தவர் சுவிட்சர்லாந்து நாட்டு ஆல்ஃபிரட் பூஹி. 1905இல் அவர் காப்புரிமை பெற்றார். டர்போ என்று நாம் இன்று சொல்வது அவர் வழி வந்ததே. 1918இல் அமெரிக்காவின் பைக்ஸ் பீக் மலையில், 14,000 அடி உயரத்தில், விமான எஞ்சின் ஒன்றை ஏற்றிச் சோதனை செய்தார்கள். தரையில் 350 குதிரைத்திறன் தந்த எஞ்சின் அங்கே 230 ஆகத் தளர்ந்தது. டர்போவை இணைத்ததும் 356 தந்தது. உதகமண்டலத்தில் நம் வண்டிகளுக்கு நேர்வதை ஒரு கருவி முழுவதும் ஈடு செய்துவிட்டது! இன்று நம் சாலைகளில் ஓடும் டீசல் பேருந்துகளும் லாரிகளும் பெரும்பாலும் டர்போ பூட்டியவையே. நெருக்கிய காற்றை எஞ்சினுக்குள் விடுமுன் குளிர்விக்கும் கலம் ஒன்றும் இப்பொழுது கூடவே வருகிறது. தட்டல் ஒலியை மின்கருவி ஒன்று மனிதச் செவிக்கு எட்டுமுன் கேட்டு, மின்பொறி விழும் நேரத்தை இமைப்பொழுதில் தள்ளிவைக்கிறது. என் காலத்தில் இவை இருந்திருந்தால் வளையல் தப்பியிருக்கும்.

உங்களில் சிலர் சொந்த வண்டியில் இதைச் செய்து பார்க்க விரும்பலாம். ஒன்றை நினைவிற் கொள்க. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 52ஆம் பிரிவில், உற்பத்தியாளர் குறித்த விவரங்களுக்கு மாறுபடும் வண்ணம் வண்டியை மாற்றியமைப்பதைத் தடை செய்கிறது. பந்தயக் களத்துக்கென்றே உள்ள வண்டியின் கதை வேறு.

மாமா அந்த எம்.ஜி. வண்டியைத் திருத்திய விதத்தைச் சொல்லி முடிக்கிறேன். நான் கடைந்த கப்பியைக் கழற்றிப் பழைய கப்பியையே மாட்டினார். எஞ்சினின் தலைக்கும் உடலுக்கும் நடுவே செப்புத் தகடு ஒன்றை வெட்டி வைத்து, கலவை நெருங்கும் அளவைக் குறைத்தார். மின்பொறி விழும் நேரத்தைச் சற்றே பிந்தச் செய்தார். பெட்ரோலை இன்னும் சிறிது கூட்டினார். ஆடி பிறந்த பின்னர், காவல்கிணறு வரை சென்று திரும்புகையில் எதிர்க்காற்று முகத்தில் அறைந்தது. அழுத்தமானியின் முள் ஐந்தில் நின்றது. நான் அதையே பார்த்துக்கொண்டு வந்தேன். வண்டியை ஓட்டிய மாமா அதன் பக்கம் திரும்பவே இல்லை; அவ்வளவு காற்றின் இரைச்சலிலும் தலையைச் சாய்த்து எஞ்சினின் ஒலியையே கேட்டுக்கொண்டு, தோவாளை வந்து சேரும்வரை ஒரு வார்த்தையும் பேசாமல் ஓட்டினார்.